நீர்க்குளிர்விப்புக்குக் கேபினட் தேர்வு: முதலில் காற்றின் வழி

கணினியைத் தண்ணீர் குளிர்விக்கிறது என்பது பாதி உண்மைதான். பிராசசரின் மீதும் கிராஃபிக்ஸ் சிப்பின் மீதும் பொருத்திய செம்புக் கட்டிகளில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் நீர், அதை ரேடியேட்டர் வரை சுமந்து செல்கிறது. அங்கிருந்து வெளியேற்றுவது, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே புகுந்து போகும் காற்று. ஆகவே ஒரு கேபினட்டில் எத்தனை ரேடியேட்டர்கள் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், அவை ஒவ்வொன்றுக்கும் காற்று எவ்வழியே வந்து எவ்வழியே போகும் என்று பார்க்க வேண்டும்.

ஒரு கிலோ நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 4,186 ஜூல் ஆற்றல் தேவை. நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடும் அமைப்பில் 500 வாட் வெப்பம் சேர்ந்தாலும், ஒரு சுற்றில் நீரின் வெப்பநிலை 2 டிகிரிகூட உயராது. அதே 500 வாட்டைக் காற்று 10 டிகிரி சூடேறி எடுத்துச்செல்ல வேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் காற்று ஓடியாக வேண்டும். இவ்வளவு காற்றும் முன்புறக் கண்ணாடியின் ஓரத்திலுள்ள குறுகிய இடுக்கு வழியாக நுழைய வேண்டியிருந்தால், உள்ளே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் இருந்தும் பயன் குறைவே. அதனால் வலை முகப்புள்ள கேபினட்டையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டு ரேடியேட்டர்கள் வைக்கும்போது, முன்புறத்தில் உள்ளிழுக்கப்பட்டுச் சூடான காற்றே மேற்புற ரேடியேட்டருக்கும் போய்ச் சேர்ந்தால், இரண்டாவது தன் முழுத் திறனைக் காட்டாது. கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ புதுக் காற்று வர வழியுள்ள கேபினட்டுகளுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

அடுத்தது அளவு, இங்கேதான் மில்லிமீட்டர் கணக்கு வேண்டும். ரேடியேட்டரின் பெயரில் வரும் 360 என்ற எண் மூன்று 120 மி.மீ. விசிறிகளின் மொத்த நீளத்தையே குறிக்கிறது. இரு முனைகளிலும் உள்ள நீர்த்தொட்டிகளையும் சேர்த்தால், ரேடியேட்டரின் உண்மையான நீளம் பெரும்பாலும் 390 மி.மீ.யைத் தாண்டிவிடும்; இணைப்பிகளுக்கும் குழாயின் வளைவுக்கும் அதற்கு மேலும் இடம் வேண்டும். தடிமனும் அப்படியே: 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் சேர்ந்து 55, 60 மி.மீ. ரேடியேட்டரின் இருபுறமும் விசிறி வைத்தால் 110. முன்புறத்தில் இந்தத் தடிமன் கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளத்திலிருந்து கழியும்.

மேற்புறத்தில் நெருக்கடி இன்னும் அதிகம். மதர்போர்டின் மேல் விளிம்பை ஒட்டி, பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 முனை இணைப்பு இருக்கிறது. விசிறி அதன் மேல் இறங்கிவிட்டால் பிறகு விரல் நுழையாது. அந்தக் கேபிளை முதலிலேயே செருகிவிட வேண்டும். உயரமான ராம் அட்டைகளும் அதே இடத்துக்குத்தான் போட்டியிடும். மேற்புற ரேடியேட்டர் தாங்கியை மதர்போர்டிலிருந்து பக்கக் கண்ணாடியை நோக்கிச் சற்றே தள்ளி அமைத்திருக்கும் கேபினட், இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது.

நீரைச் சுற்றவைக்கும் பம்ப் ஒருபோதும் வறண்டு ஓடக்கூடாது என்பதால், அதற்கு நீர் தரும் நீர்க்குடுவை அதற்கு மேலே அமைய இடம் இருக்க வேண்டும். நீரை வடிப்பதற்கான வால்வு, சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில், பவர் சப்ளையின் மேல் சொட்டாதபடி, கைக்கு எட்டுமாறு அமைய வேண்டும். அதற்குரிய துளையோ இடைவெளியோ கேபினட்டின் அடிப்பகுதியில் உண்டா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.