குளத்தில விட்டுடலாமோ, டொக்டர்?

போன கிழமையும் ஒரு செங்காது ஆமை மேசைக்கு வந்தது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, விரலால் அமுக்கினால் உள்ளே போகும் ஓடு, வீங்கி மூடிய இமைகள். வெயில் படாத பிளாஸ்டிக் பேசினுக்குள் காய்ந்த இறாலை மட்டும் தின்று வளர்ந்த ஆமை இப்படித்தான் வரும். வெயிலும் கல்சியமும் இல்லாமல் ஓடு இறுகாது. விற்றமின் ஏ குறைந்தால் கண் வீங்கும். நான் வைத்தியத்தைச் சொல்லி முடிக்கவில்லை, கூட வந்த பெடியனின் அப்பா கேட்டார்: "இது இன்னும் பெருசா வளருமாமே டொக்டர். பேசாம கந்தளாய்க் குளத்தில விட்டுடலாமோ? பாவம், உயிரோட இருக்கட்டும்."

திருகோணமலையில் மிருக வைத்தியராக இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். ஆமையோ, கப்பி மீனோ, டாங்க் கிளீனர் மீனோ, வளர்த்து அலுத்ததும் எல்லோரும் வந்து நிற்பது குளக்கட்டில், அல்லது கோயில் கேணியில். ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, இதை உங்களுக்கே எழுதுகிறேன். வீட்டில் அடம்பிடித்து மீன்தொட்டி வாங்கியவர்கள் நீங்கள்தானே.

குளத்தில் விடுவது புண்ணியம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். விட்ட பிராணிக்கு இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, அது சாகும். கையால் தீன் போட்டு வளர்த்த மீனுக்கு விராலையும் தெரியாது, கொக்கையும் தெரியாது. ஓடு இறுகாத ஆமை பட்டினியிலும் புண்ணிலும் கிடந்து மெல்ல மெல்லச் சாகும். நீங்கள் அதைப் பார்ப்பதில்லை, அதனால் மனம் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான். மற்றது, அது பிழைத்துக்கொள்ளும். எனக்குப் பயம் இதில்தான். செங்காது ஆமைக்கு ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். முப்பது வருடமும் வாழக்கூடியது. ஐரோப்பாவில் இப்படி விட்ட ஆமைகள், அங்குள்ள ஆமைகள் வெயில் காயும் மரக்குற்றிகளைப் பிடித்துக்கொண்டன. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியை நிறுத்தியது. எங்கள் குளங்களிலும் பாலாமையும் கறுப்பாமையும் இருக்கின்றன. அவற்றின் உயிர் பாவமில்லையா?

"ஒண்டே ஒண்டுதானே, டொக்டர்" என்பார்கள். ஒரு பெண் கப்பி, ஆண் துணை இல்லாமலே, முன்பு வாங்கி வைத்த விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்துத் திரும்பத் திரும்பக் குஞ்சு போடும். ஒன்று போதும்.

அடுத்தது டாங்க் கிளீனர். பெயரைக் கேட்டுவிட்டுக் குளத்தையும் துப்புரவாக்கும் என்று நினைக்கிறார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி சுரண்டும் அந்த விரலளவு மீன் வளர்ந்தால் ஒன்றரை அடி வரும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் கிழித்துக்கொண்டு போகும், மீனவர் கைக்கும் காயம். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். முட்டையிட அது மண் கரையில் ஒரு மீட்டர் வரை வளை தோண்டும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் கட்டு உடைந்த கதையை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். அதற்கும் இந்த மீனுக்கும் தொடர்பில்லை. ஆனால் கட்டையும் வாய்க்கால் கரையையும் நம்பி வயல் செய்யும் தம்பலகாமத்து ஆட்களுக்கு, கரையைத் தோண்டும் மீன் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

இந்த மீன் பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் ஏற்கெனவே பெருகிவிட்டது. பொல்கொல்லவில் திருப்பும் மகாவலித் தண்ணீர் அம்பன் கங்கையில் சேர்ந்து, எலஹெரயிலிருந்து மின்னேரியா, கவுடுல்ல வழியாகக் கந்தளாய்க்கும் வருகிறது. மகாவலி நேரே வந்து கலப்பதும் எங்கள் கொட்டியாரக் குடாவில். மலைநாட்டில் ஒருவர் விட்டது இங்கே வரலாம். நீங்கள் கேணியில் விட்டதும், மாரியில் கேணி நிரம்பி வழிந்தால் வாய்க்காலுக்குப் போய்விடும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தானே?" ஆம். ஆபிரிக்க மீன், 1952இல் கொண்டுவந்து விட்டார்கள். குளத்து மீனவர் பலருக்கு இன்று சோறு போடுவதும் அதுதான். லாபம் நட்டம் பார்த்து அரசாங்கம் விட்டது அது. ஷொப்பிங் பையோடு குளக்கட்டில் நிற்கும் நீங்கள் எந்தக் கணக்கையும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், எந்தப் பிராணியும் பிறவியில் கெட்டதில்லை. நிலாவெளிக்கு எதிரே புறாமலைப் பாறைகளில் சுழியோடிகள் பார்க்கும் சிங்கமீன் இந்தக் கடலுக்கே உரியது, இங்கே அதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கடலில் முதன்முதல் பிடிபட்டது. யாரோ மீன்தொட்டியிலிருந்து விட்டதாகவே கருதுகிறார்கள். இப்போது கரீபியன் கடல் முழுக்க அதுதான். பஹாமாஸில் சிறு பவளத் திட்டுகளில் சிங்கமீனை விட்டுப் பார்த்தார்கள். ஐந்து கிழமையில், திட்டில் புதிதாக வந்து சேரும் குஞ்சு மீன்கள் சராசரியாக 79 சதவீதம் குறைந்துவிட்டன. எங்கள் கடலின் அழகு அங்கே கொள்ளை.

சரி, என்ன செய்வது? வாங்குமுன் அது எவ்வளவு வளரும், எத்தனை வருடம் வாழும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், வளர்க்கும் கூட்டாளிக்குக் கொடுங்கள், அல்லது என்னைப் போன்ற ஒரு வைத்தியரிடம் கொண்டு வாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் வலியில்லாமல் முடித்துவைப்போம். அது கேட்கக் கஷ்டம்தான், ஆனால் குளத்தில் விடுவதைவிட இரக்கமானது. அதை நீங்களே செய்து பார்க்கக் கூடாது. தொட்டித் தண்ணீரையும் பாசியையும் கானுக்குள் ஊற்றாதீர்கள், அதில் முட்டையும் நத்தைக் குஞ்சும் இருக்கும்; தண்ணீரை வீட்டு மரத்தடியில் ஊற்றி, பாசியை வெயிலில் காயப்போடுங்கள். தூண்டிலில் அறியாத மீன் மாட்டினால் படம் எடுத்து மீன்பிடித் திணைக்கள ஆட்களிடம் காட்டுங்கள், திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள். ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், அதிலிருந்து தொற்றும் சல்மனெல்லாக் கிருமி விளையாட்டுக் காரியமில்லை. மாரி மழைக்குப் பப்பாசியிலும் வாழையிலும் ஏறும் ஆபிரிக்க நத்தையை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டு, பிறகு ஆழமாகப் புதையுங்கள்.

ரீச்சர்மாரிடம் ஒரு வேண்டுகோள். தவணை முடிய, வகுப்பு மீன்தொட்டியைப் பிள்ளைகளைக் கொண்டு கேணியில் கொட்டுவிக்காதீர்கள். லீவுக்கு யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் வைக்கக் கொடுங்கள். அதற்கும் ஆளில்லையென்றால் பக்கத்து மிருக வைத்தியருக்கு ஒரு கோல் எடுங்கள்.