திருவண்ணாமலையின் பழைய ‘லை’

வேலூர்ப் பக்கம் பழைய கடை போர்டோ, சினிமா நோட்டீஸோ, குடியாத்தம் தீப்பெட்டி லேபிளோ கண்ணில் பட்டால், அதிலுள்ள லை, ணை, ணா, றா எழுத்துகளை உற்றுப் பாருங்கள். ‘லை’யின் தலையில் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். ‘ணா’வுக்குத் தனிக் கால் இருக்காது, கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். பெரியார் 1935-ல் குடிஅரசு இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தைத் தழுவி 1978-ல் தமிழக அரசு ஆணை போட்டபோது, இப்படி 13 எழுத்துகள் உருமாறின. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ‘திருவண்ணாமலை’ என்ற ஒரே பெயரில் அவற்றில் இரண்டு இருந்தன.

இந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டர் எழுத்துருவாக (ஃபான்ட்) மாற்ற போர்டைப் போட்டோ எடுத்தால் மட்டும் போதாது. போட்டோ வெறும் புள்ளிக் கூட்டம். பெரிதாக்கினால் ஓரம் பிசிறும். எழுத்துருவில் இருப்பது எழுத்தின் ஓரக்கோடு, அதுவும் கணக்காக. ஒரு தாளில் மூன்று புள்ளி வையுங்கள்: தொடக்கம், முடிவு, பக்கவாட்டில் தள்ளி ஒன்று. தள்ளி நிற்கும் புள்ளியை மற்ற இரண்டோடும் கோடு போட்டு இணையுங்கள். இரு கோடுகளின் நடுப்புள்ளிகளைச் சேருங்கள். அப்புறம் அந்தப் புதுக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. வளைவு அதன் வழியாகத்தான் போகும். இரு பாதியிலும் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் வழவழப்பான வளைவு வந்துவிடும். பிரான்சில் சிட்ரோயன் கம்பெனியில் டி காஸ்டெல்ஜோவும் ரெனோ கம்பெனியில் பெசியேயும் கார்களின் வளைவுகளுக்காக உருவாக்கிய கணக்கு இது. நம் ‘லை’யின் சுழிக்கும் அதுவே போதும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓரக்கோட்டைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், பெயின்ட் உரிந்த இடத்தையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு கண்டபடி புள்ளி போடும். பிரஷ் திரும்பும்போது தடிமன் மாறுவது எழுத்தின் குணம், அதை விடக்கூடாது. மை பிதுங்கிய கறையை விட்டுவிடலாம் என்பேன். இல்லையென்றால் ‘ராணிப்பேட்டை’யின் இரண்டு ப-விலும் ஒரே இடத்தில் ஒரே கறை நிற்கும், கையால் எழுதியது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். கறை வேண்டும் என்பவர்கள் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வரைந்து, பக்கத்தில் வந்தால் மாற்றிப் போடும்படி எழுத்துருவிலேயே விதி வைக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்வது, எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் பொது முறையான யூனிகோட் செய்திருக்கும் ஏற்பாடு. அதில் ‘லை’க்குத் தனி எண் கிடையாது. ல-வுக்கு 2994, ஐகாரக் குறிக்கு 3016, அவ்வளவுதான். நாம் டைப் செய்யும்போது சேமிப்பாவது இந்த இரண்டு எண்கள். குறியை ல-வுக்கு முன்னால் நகர்த்துவது திரையில் எழுத்தை அடுக்கும் மென்பொருளின் வேலை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சுழி வைத்த ஒற்றை வடிவத்தைப் போடு என்று எழுத்துருவில் ஒரு விதி எழுதினால், பழைய ‘லை’ வந்துவிடும். எண்கள் மாறுவதில்லை. அதனால் பழைய வடிவில் திரையில் தெரியும் ‘திருவண்ணாமலை’யையும் இன்றைய பையன் போனில் தேடி எடுக்கலாம், எழுத்துருவை மாற்றினால் அதே வரி புது வடிவில் நிற்கும்.

ஒரு போர்டில் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் கிடைக்கும். 247-ஐயும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. ‘கா’ என்பது க-வும் காலும்தான். ஆனால் கு, கூ வரிசைகள் மெய்க்கு மெய் வேறு மாதிரி வளைவதால், அந்த 36-ஐயும் வரைந்தே ஆகவேண்டும். கிடைத்த எழுத்தின் சுழியையும் தடிமனையும் பார்த்து கிடைக்காததை ஊகிக்க வேண்டும். ‘ஜ’ வேண்டுமென்றால், ஊகிப்பதற்கு முன் அதே காலத்து வாலாஜா போர்டு ஒன்றைத் தேடிப் பார்ப்பது நல்லது.