போர் வேண்டாம் என்று எழுதிய பதிவை முடக்கிவிட்டார்களா? 69ஏ பிரிவும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகளும்

போர் வேண்டாம் என்று எழுதுவது இந்தியாவில் குற்றம் இல்லை. குண்டுவீச்சில் செத்துப்போன பொதுமக்களைப் பற்றிப் பேசுவது, பக்கத்து நாட்டோடு பேச்சுவார்த்தை நடத்துங்கள் என்று கேட்பது, அரசின் வெளியுறவுக் கொள்கை தவறு என்று சொல்வது, இதில் எதுவுமே குற்றம் இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பதிவு ஒன்று முடங்கியதும் பலர் ஏதோ சட்டவிரோதமாக எழுதிவிட்டோம் போல என்று பயந்து, மிச்சமிருக்கும் பதிவுகளையும் தாங்களாகவே அழித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். முடக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்த அதே சட்டம், எழுதியவருக்கும் சில உரிமைகளைத் தருகிறது. கேட்காதவருக்கு அவை கிடைப்பதில்லை.

2025 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்துகொண்டிருந்தபோது, மே 8 அன்று எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசிடமிருந்து உத்தரவுகள் வந்திருக்கின்றன, பெரும்பாலான கணக்குகளில் எந்தப் பதிவு சட்டத்தை மீறியது என்றுகூடச் சொல்லவில்லை என்றது அந்த அறிவிப்பு. மறுநாள் தி வயர் செய்தித்தளம் முடங்கியது. இதற்கெல்லாம் அடிப்படை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதில் 69ஏ என்கிற பிரிவு 2008இல் செய்த திருத்தத்தில் சேர்ந்தது. அதை எப்படிச் செயல்படுத்துவது என்று சொல்லும் விதிகள் 2009இல் வந்தன.

இந்தப் பிரிவின்படி மத்திய அரசு ஒரு பதிவையோ தளத்தையோ முடக்க ஆறு காரணங்கள்தான் உண்டு: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், ராணுவப் பாதுகாப்பு, அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றத்தைச் செய்யத் தூண்டுவதைத் தடுப்பது. அவ்வளவுதான். பிரதமரையோ முதல்வரையோ கிண்டல் செய்தது இந்தப் பட்டியலில் இல்லை. அவதூறுகூட இதில் இல்லை, அதற்கு வேறு சட்டம், வேறு நீதிமன்றம். மாநில அரசுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அது 69ஏ பிரிவில் நேரடியாக உத்தரவு போட முடியாது, மத்திய அரசுக்குத்தான் கோரிக்கை அனுப்ப வேண்டும். எந்தக் காரணத்துக்காக முடக்குகிறோம் என்பதை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உத்தரவை மதிக்காத நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு, அதனால்தான் நிறுவனங்கள் எதிர்த்து நிற்காமல் உடனே முடக்கிவிடுகின்றன. எழுதியவருக்கு இந்தப் பிரிவில் தண்டனை எதுவும் கிடையாது. பதிவு முடங்கியதால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

நடைமுறை என்ன? கோரிக்கை வந்ததும் பதிவை எழுதியவரையோ அதைத் தாங்கியிருக்கும் நிறுவனத்தையோ அடையாளம் கண்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் கொடுக்க வேண்டும். சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு அமைச்சகங்களின் இணைச் செயலாளர் மட்டத்து அதிகாரிகள் எல்லாம் உள்ள ஒரு குழு அதைப் பரிசீலிக்கும். அவசரம் என்றால் விசாரிக்காமலேயே முடக்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் அந்த முடிவைக் குழுவின் முன் வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூடி இந்த உத்தரவுகளைச் சரிபார்க்க ஒரு மறுஆய்வுக் குழுவும் இருக்கிறது. காகிதத்தில் இது மோசமில்லை. ஆனால் இந்தக் குழுக்கள் எதிலும் நீதிபதியும் இல்லை, அரசுக்கு வெளியே உள்ள ஒரே ஒரு ஆளும் இல்லை. உத்தரவு போடுவதும் அது சரியா என்று பார்ப்பதும் அதிகாரிகளேதான்.

இதைவிடப் பெரிய கோளாறு 16ஆம் விதி. கோரிக்கை, புகார், நடவடிக்கை எல்லாமே ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது அது. அப்புறம் எப்படி இருக்கும்? நோட்டீஸ் எக்ஸ் நிறுவனத்துக்கோ யூடியூபுக்கோ போகும், எழுதியவருக்கு எதுவும் வராது. கேட்டால் ரகசியம் என்பார்கள். தன் எழுத்தை ஏன் முடக்கினார்கள் என்று எழுதியவருக்கே சொல்லாத இந்த ஏற்பாட்டை எந்தப் பாதுகாப்புக் காரணமும் நியாயப்படுத்தாது என்பதுதான் என் உறுதியான கருத்து.

உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில், புண்படுத்தும்படி இணையத்தில் எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே தீர்ப்பு 69ஏ பிரிவைச் செல்லும் என்று விட்டுவைத்தது. எந்த அடிப்படையில் என்பதுதான் நமக்கு முக்கியம். காரணம் எழுத்தில் இருக்கிறது, அதனால் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு எதிர்க்க முடியும், எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் விசாரிக்க வேண்டும் என்று விதிகளையே காட்டித்தான் நீதிமன்றம் அப்படிச் சொன்னது. உத்தரவையே காட்டாவிட்டால் எதை எதிர்த்து மனு போடுவது? வரதட்சணையைக் கேலி செய்து தளம் நடத்திய தனுல் தாக்கூர், 2018இல் அது முடங்கியதும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 மே மாதம், உத்தரவின் நகலை அவரிடம் கொடுங்கள், அவர் தரப்பையும் கேளுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு வழக்குகளையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். முடக்க விதிகளையே எதிர்த்த ஒரு மனுவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், ஆளை அடையாளம் காண முடிகிறது என்றால் அவருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்றே முதல் பார்வையில் கருத்துச் சொல்லியிருக்கிறது.

செய்தி நிறுவனங்களுக்கு 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளும் சேர்ந்துகொள்ளும், அங்கே முடிவெடுப்பது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். விகடனுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு போட்டு நாடு கடத்தியதை ஒட்டி, டிரம்ப் அருகே மோடி சங்கிலியோடு உட்கார்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரத்தை விகடன் பிளஸ் இணைய இதழ் 2025 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. 15ஆம் தேதி மாலை முதல் விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. அமைச்சகத்தின் நோட்டீஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு படத்துக்காகக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு பழமையான நிறுவனத்தின் தளம் முழுவதும் போனது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது. படத்தை எடுக்கச் சொன்னது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் ஒரு பதிவில் பிரச்சினை என்றால் அந்தப் பதிவோடு நிறுத்து, முழுக் கணக்கையும் முழுத் தளத்தையும் மூடாதே என்று வாதாட அந்த உத்தரவு நமக்கு உதவும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79(3)(பி) பிரிவு. இதில் 69ஏ பிரிவின் குழு கிடையாது. அரசு நீக்கச் சொன்னதை நிறுவனம் நீக்காவிட்டால், பிறர் எழுதியதற்கு அது பொறுப்பாகாது என்கிற சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்பதுதான் மிரட்டல். இதற்காகவே உள்துறையின் கீழ் சஹயோக் என்ற தளம் 2024 அக்டோபரில் தொடங்கியது. பல துறைகளும் மாநிலக் காவல்துறைகளும் இதன் வழியாகவே நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போட்ட மனுவை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதனால் உங்கள் பதிவு எந்தப் பிரிவில் போனது என்று கேட்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தொலைக்காட்சி, வானொலி பற்றிச் சுருக்கமாக. ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று 2025 ஏப்ரல் 26 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. படை வீரர்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் அப்படியே ஒலிபரப்பலாம் என்பதற்கு என்ன நியாயம்? அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலில் மீடியாஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் வழக்கில், அரசின் கொள்கையை விமர்சிப்பதைக் காரணமாக வைத்து உரிமத்தை மறுக்க முடியாது என்றும், தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்றும் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

முடக்கத்தோடு நில்லாமல் காவல்துறை வழக்கும் வந்தால்? 2025 மே மாதம் அசோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத், போர் வெறியை விமர்சித்த பதிவுகளுக்காக ஹரியாணாவில் கைதானார். மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது, ஆனால் அந்தப் பதிவுகள் பற்றி மேற்கொண்டு எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. இதைவிட நமக்குப் பயன்படும் தீர்ப்பு, காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடியின் வழக்கு. அநியாயத்தை அன்பால் எதிர்கொள்வோம் என்கிற கருத்துள்ள ஒரு கவிதையைப் பின்னணியில் வைத்து வீடியோ போட்டதற்கு குஜராத் காவல்துறை வழக்குப் போட்டது. 2025 மார்ச் 28 அன்று அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், எழுத்தின் விளைவை உறுதியான மனம் கொண்ட மனிதரின் இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் பதறுபவரின் இடத்திலிருந்து அல்ல என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள பேச்சு, எழுத்து வழக்குகளில், குற்றத்துக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173(3) பிரிவின்படி காவல்துறை முதலில் ஆரம்பக்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் சொன்னது. அதற்கு அவகாசம் 14 நாள். உங்கள் வழக்கறிஞரிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

சரி, நாளைக்கே உங்கள் பதிவு முடங்கினால் என்ன செய்வது? முதலில் எதையும் அழிக்காதீர்கள். திரையில் வந்த அறிவிப்பு, பதிவின் இணைப்பு, நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். நிறுவனம் தன் சொந்த விதிப்படி நீக்கியதா, அரசின் உத்தரவால் இந்தியாவில் மட்டும் தெரியாமல் செய்ததா என்று அதில் பாருங்கள். சொந்த விதி என்றால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், ஏழு நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்தில் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அரசின் உத்தரவு என்றால் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு (செய்தித்தளம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு) விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதுங்கள். எந்தப் பிரிவு, ஆறில் எந்தக் காரணம், உத்தரவின் நகல், என் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, இந்த நான்கையும் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்திலும் இதையே கேட்கலாம். பெரும்பாலும் மறுப்பார்கள், ஆனால் அந்த மறுப்புக் கடிதமும் விரைவுத் தபாலின் ரசீதும்தான் பிறகு சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடும்போது, கேட்டும் தரவில்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று இதை விட்டுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.