வெள்ளாடு ஏன் இவ்வளவு சேட்டை செய்கிறது?

வீட்டில் வெள்ளாடு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் புகார் கொட்டும். கொடியில் காய்ந்த சேலையைச் சவைத்துவிட்டது, பிள்ளையின் நோட்டைத் தின்றுவிட்டது, கொண்டியை நீக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு முருங்கையை மொட்டையடித்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் செம்மறி இவ்வளவு வம்பு செய்வதில்லை.

காரணம் தீனியில் இருக்கிறது. செம்மறி பெரும்பாலும் தலையைத் தாழ்த்திப் புல் மேயும். வெள்ளாடு செடி, புதர், மரக்கிளை என்று தழை தேடும். எட்டாவிட்டால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். தழைகளில் ஒன்று முள்ளாக இருக்கும், ஒன்று கசக்கும், ஒன்றில் நஞ்சு இருக்கும். ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் தின்ன வேண்டும். அந்தச் சோதனைக்கு அதன் மேலுதடுதான் கை. முள்ளுக்கு நடுவே இருக்கும் சின்ன இலையைக்கூட அந்த உதடு லாவகமாகப் பிரித்தெடுத்துவிடும். புதிதாக எதைக் கண்டாலும் வாய் வைப்பதும் இதே பழக்கம்தான். மேல்தாடையில் அதற்கு முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ்ப்பற்களால் அந்த ஈறோடு அழுத்திப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும். சேலை கிழியாமல் என்ன செய்யும்?

ஆனால் ஆடு எதையும் தின்னும் என்பது தவறான பேச்சு. காலில் மிதிபட்ட தழையை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும் அளவுக்கு அது தேர்ந்து தின்னும். காகிதம் மரநார் என்பதால் வயிற்று நுண்ணுயிர்கள் அதை ஓரளவு செரித்துவிடும். பாலித்தீன் பை செரிக்காது. முதல் இரைப்பையில் சேர்ந்து அடைத்து உயிரையே வாங்கிவிடும்.

சரி, திண்ணை, ஸ்கூட்டர் சீட், மதில் என்று ஏறி நிற்பது எதற்கு? இன்றைய வெள்ளாட்டின் மூதாதை மேற்காசியாவின் மலைக் காட்டாடு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே ஈரானின் சாக்ரோஸ் மலைப் பகுதியில் மனிதர்கள் அதைப் பழக்கிவிட்டார்கள். பிளவுபட்ட குளம்பின் ஓரம் கெட்டி, உட்பகுதி மெத்து. ஓரம் பாறை விளிம்பில் ஊன்றும், உட்பகுதி வழுக்காமல் பிடிக்கும்.

கொண்டி திறக்கும் வித்தைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 12 ஆடுகளுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். பல்லால் கயிற்றை இழுத்து, பிறகு நெம்புகோலை மூக்கால் தூக்கினால்தான் தீனி கிடைக்கும். 9 ஆடுகள் கற்றுக்கொண்டன. 10 மாதம் கழித்தும் மறக்கவில்லை. இன்னொரு ஆடு செய்வதைப் பார்த்ததால் எதுவும் வேகமாகக் கற்கவில்லை என்பது சுவாரசியம். தானே முட்டி மோதித்தான் கற்கிறது! 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில், திறக்கவே முடியாத பெட்டியைக் கொடுத்தபோது ஆடுகள் பக்கத்தில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தன. அவர் முதுகைக் காட்டி நின்றபோது பார்ப்பது குறைந்தது.

இப்படிப்பட்ட விலங்கைக் குட்டைக் கயிற்றில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது கொடுமை. ஏறி நிற்க ஒரு கல்மேடை கட்டிக் கொடுங்கள். அகத்தி, வேம்பு, வாகைத் தழையைக் கட்டாகக் கட்டி, கழுத்தை நீட்டித் தின்னும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கொண்டியை வாய் எட்டாத வெளிப்பக்கத்தில் வையுங்கள். வேலியில் அரளி இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள்; அதன் இலை கொஞ்சம் போனாலே ஆட்டுக்கு எமன். அரிசி மூட்டையையும் சோற்றுப் பானையையும் மூடியே வையுங்கள். அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு சுருண்டு விழும். அப்போது கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.