இறக்குமதியாகும் பெண்கள் பின்னலாடை: சுங்கத்தில் எந்தத் தலைப்பு, எவ்வளவு வரி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளில் ‘லேடீஸ் டாப்’ என்ற ஒரே பெயரில் தொங்கும் பத்து உருப்படிகளை ராஜாஜி சாலையிலுள்ள சுங்க மாளிகைக்குக் கொண்டுபோனால், அவை மூன்று நான்கு தலைப்புகளின் கீழ்ப் பிரிந்துவிடும். கடைக்காரர் வைத்த பெயரையோ, சப்ளையர் இன்வாய்ஸில் அடித்த பெயரையோ சுங்கத் துறை கணக்கில் கொள்வதில்லை. துணி எப்படி உருவானது, அடியோரம் எப்படி முடிகிறது, எந்த இழை எடையில் மிகுதி என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. சரக்கு கப்பலேறும் முன்பே இவற்றுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

வரி விகிதங்கள் 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கக் குறியீடு உண்டு. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நான்கும் சேர்ந்தால் தலைப்பு. குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது, மற்றவை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்பவை. சீனத்து சப்ளையர் எழுதிய முழு எண்ணை சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியில் அப்படியே இறக்குவது இதனால்தான் தவறாகிறது. பின்னிய துணியாலான ஆடைகள் 61ஆம் அத்தியாயத்திலும், தறியில் நெய்த துணியாலானவை 62ஆம் அத்தியாயத்திலும் வரும். நம் ஊரில் ‘பனியன் துணி’ என்று சொல்வதெல்லாம் பின்னல்தான். பிரா இந்தப் பிரிவினைக்கு விதிவிலக்கு. எந்தத் துணியில் தைத்தாலும் அது 6212.

61ஆம் அத்தியாயத்துக்குள் பாவாடை, கவுன், பேன்ட், பாதமில்லாத லெகிங்ஸ் ஆகியவை 6104, சட்டை, பிளவுஸ் 6106, உள்ளாடை, இரவு உடை 6108, டி-ஷர்ட் 6109, ஸ்வெட்டர், கார்டிகன் வகையறா 6110. பாதத்தையும் மூடும் டைட்ஸ் 6115க்குப் போய்விடும். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நைட்டியோடே கடைக்குப் போய்வருவது வழக்கம் என்றாலும், அட்டவணைக்கு அது இரவு உடைதான்.

சிக்கல் அதிகம் வருவது 6106, 6109, 6110 ஆகிய மூன்றுக்கும் நடுவில். காலரும் பட்டனும் இல்லாத, மெல்லிய பின்னல் துணியில் தைத்த சாதாரண மேலாடையே டி-ஷர்ட். காலரும் முன்பக்கம் பட்டன் பட்டியும் வைத்துவிட்டால், அதையே கடையில் ‘காலர் டி-ஷர்ட்’ என்று விற்றாலும், பெண்களுக்கானது 6106ஐ நோக்கி நகரும். ஆனால் அந்த ஆடையின் அடியில் ரிப் பட்டையோ (இறுக்கிப் பிடிக்கும் பின்னல் பட்டை) இழுத்துக் கட்டும் நாடாவோ இருந்தால், அத்தியாயக் குறிப்புகளின்படி அது 6106இலும் நிற்காது, 6109இலும் நிற்காது. பெரும்பாலும் 6110க்குத்தான் போகும். இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தாலும் 6106 கிடையாது. இன்னொரு நிபந்தனை கண்ணி (பின்னல் வளையம்) எண்ணிக்கை. துணியை இழுக்காமல் மேசையில் விரித்து, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, பூதக்கண்ணாடியும் ஊசியுமாக நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கண்ணிகளை எண்ண வேண்டும். இரு பக்கமும் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கண்ணிக்குக் குறைவாக இருந்தால், அந்தத் தளர்ந்த பின்னல் 6106இல் வராது. சாம்பிள் கையில் இருக்கும்போதே பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணிவிடலாம். பெரும்பாலோர் அதைச் செய்யாமல் பிறகு சரக்கு தேங்கியதற்கான டெமரேஜ் கட்டணம் கட்டுகிறார்கள்.

அடுத்தது இழை. கலப்புத் துணியில் எடையால் மிகுந்த இழையே முழுத் துணிக்கும் உரியதாகக் கொள்ளப்படும். 95 சதவீதம் பருத்தியும் 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸும் உள்ள லெகிங்ஸ், பருத்தி லெகிங்ஸ்தான். ஆனால் லேபிளில் ‘பருத்தி 40, பாலியஸ்டர் 35, விஸ்கோஸ் 25’ என்றிருந்தால் முதலில் நிற்கும் பருத்தியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பாலியஸ்டரும் விஸ்கோஸும் செயற்கை வகை இழைகளாக ஒரே பக்கம் சேர்த்து எண்ணப்படுவதால் அவை 60 ஆகின்றன, பருத்தி தோற்கிறது. பிறகு அந்த இரண்டுக்குள் பாலியஸ்டர் மிகுதி என்பதால், அந்த லெகிங்ஸ் 6104 62 என்ற பருத்தி வரிசையில் அல்லாமல் 6104 63 என்ற சிந்தெடிக் வரிசையில் விழும்.

செட்டாக வரும் ஆடைகளுக்கும் விதி உண்டு. மேலும் கீழும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே பாணி, பொருந்தும் அளவு என்றிருந்து, சில்லறை விற்பனைக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் அது 6104இல் ‘குழும ஆடை’ ஆகலாம். டி-ஷர்ட் அதில் உறுப்பாக முடியாது. இந்த நிபந்தனைக்குள் வராதவை ஒரே கவரில் இருந்தாலும் தனித்தனியாகவே வகைப்படும். ஆணுக்கா பெண்ணுக்கா என்று பிரித்தறிய முடியாத ஆடை பெண்கள் ஆடைத் தலைப்பில்தான் சேரும்.

வரிக் கணக்கைப் பார்ப்போம். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,00,000 ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு 20,000 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 2,000 ரூபாய். மொத்தம் 1,22,000 ரூபாயின் மீது 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 6,100 ரூபாய், ஆக 28,100 ரூபாய் கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படி ஒன்றின் மதிப்பு 2,500 ரூபாய்க்குள் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். பல வரிசைகளில் ‘இத்தனை சதவீதம் அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது’ என்று விகிதம் இருக்கும். இந்த ரூபாய்த் தொகை வரிசைக்கு வரிசை மாறுவதால், மலிவான சரக்கு எடுப்பவரைத்தான் தவறான குறியீடு அதிகமாகச் சுடும்.

குறியீட்டைத் தேர்ந்து அறிவிக்கும் பொறுப்பு, 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, இறக்குமதியாளருடையது. கிளியரிங் ஏஜென்ட் போட்டார் என்பது பதிலாகாது. முகமறியா மதிப்பீட்டு முறையில் உங்கள் பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கக்கூடும். சரக்கு மணலியிலோ திருவொற்றியூரிலோ சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் கிடக்க, அவர் காகிதத்தை மட்டுமே பார்ப்பார். அதனால் விவரணையில் ‘லேடீஸ் வேர்’ என்று மொட்டையாக எழுதாமல், பின்னல், இழை விகிதம், காலர், அடியோரம் எல்லாவற்றையும் எழுதுவது நல்லது. தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்ற பரிசோதனைச் சான்றும் உடன் வர வேண்டும். இல்லையேல் சாம்பிள் எடுத்துச் சோதிப்பார்கள். வங்கதேசத்து ஆயத்த ஆடை என்றால் 2025 மே 17ஆம் தேதி அறிவிப்பைப் பாருங்கள்: அது நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே அனுமதித்தது. அந்த அறிவிப்பின்படி அச்சரக்கைச் சென்னைத் துறைமுகத்திலோ காட்டுப்பள்ளியிலோ இறக்க முடியாது.

அதிகாரி குறியீட்டை மாற்றி, நீங்கள் அதை எழுத்து மூலம் ஏற்கவில்லை என்றால், 15 நாளுக்குள் காரணங்களோடு ஆணை கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆணை கிடைத்த 60 நாளுக்குள் ஆணையர் (மேல்முறையீடு) முன் செல்லலாம். தகராறிலுள்ள தொகையில் 7.5 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். சரக்கு வருமுன்பே உறுதி வேண்டுவோர் டெல்லி, மும்பையிலுள்ள முன்தீர்ப்பு ஆணையத்திடம் 10,000 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரே மாதிரி சரக்கைத் திரும்பத் திரும்ப எடுப்பவருக்குத்தான் இந்தச் செலவு கட்டுபடியாகும். ஒரே ஒரு கன்டெய்னருக்கு சாம்பிளும் அளவுகோலும் பூதக்கண்ணாடியும் போதும்.