ஃபிளை ஆஷ் கல்லும் 300 கிலோமீட்டர் விதியும்: வீடு கட்டுவோர் கவனத்துக்கு

செங்கல்லுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? அதற்கு முன் மத்திய அரசின் இந்த விதியைப் படித்துவிடுங்கள். அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் கட்டப்படும் கட்டடங்களில் நிலக்கரிச் சாம்பலில் (ஃபிளை ஆஷ்) செய்த கல், பிளாக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டும். அரசு வேலை, தனியார் வேலை என்ற வித்தியாசம் கிடையாது. மேட்டூர், எண்ணூர், நெய்வேலி, தூத்துக்குடி என நிலையங்கள் பரவியிருப்பதால் தமிழ்நாட்டு ஊர்கள் எல்லாமே இந்த எல்லைக்குள் வந்துவிடும்.

சரி, விலை கூடுதலாக இருந்தால்? அதற்கும் விதியிலேயே இடமிருக்கிறது. சாம்பல் கல்லின் விலை செங்கல் போன்ற மாற்றுப் பொருளின் விலையைவிட அதிகமாக இல்லாதபோதுதான் இந்தக் கட்டாயம். அதனால் வேலையிடத்தில் இறக்கிப் போடும் விலையை இரண்டுக்கும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1999-ல் முதல் அறிவிக்கை வந்தபோது எல்லை 50 கிலோமீட்டர்தான். 2016-ல் அது 300 ஆனது. இப்போது நடப்பில் இருப்பது 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. சாம்பலைத் தேக்கிவைக்கும் மின் நிலையங்களுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு விதிக்கவும் அதில் வழி உண்டு.

நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். அது எங்கே போகும்? எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பல் சேற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கம், செங்கல் சூளைக்காக விளைநிலத்தின் மேல்மண்ணை வெட்டி எடுக்கிறோம். ஒருமுறை போன மேல்மண் நம் காலத்தில் திரும்பாது. சாம்பல் கல்லுக்குச் சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். தண்ணீர் விட்டுப் பதப்படுத்தினால் போதும்.

அந்தப் பதப்படுத்துதலில்தான் கோளாறு நடக்கிறது. அவசரத்தில் ஈரம் காயாத கல்லை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பின்னால் சுவரில் விரிசல் விடுகிறது. வார்த்து மூன்று வாரம் ஆனதா என்று கேளுங்கள். மூலையை நகத்தால் சுரண்டினால் பொடி உதிரக்கூடாது. இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அப்புறம், நன்கு காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி எடைபோடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம். 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம்.

கொத்தனாரிடமும் சொல்லிவையுங்கள்: செங்கல் மாதிரி தொட்டியில் ஊறப்போட வேண்டியதில்லை, கட்டுமுன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.