படச்சுருளில் அரை மில்லிமீட்டர் குரல்

வேலையிழந்த நூறு வாத்தியக்காரர்களுக்கு வாழ்வு தேடி அலையும் ஒரு சிறுமி, இசைக்குழுவின் ஒத்திகை நடக்கும் அரங்குக்குள் நுழைந்து மொசார்ட்டின் ‘அல்லேலூயா’வைப் பாடுகிறாள். 1937இல் யுனிவர்சல் வெளியிட்ட ‘ஒன் ஹண்ட்ரட் மென் அண்ட் எ கேர்ள்’ படத்தின் காட்சி அது. இசைக்குழுவை வெறுங்கையால் நடத்துபவர், புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநரான அசல் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியேதான். பாடும் டியானா டர்பினுக்கு அப்போது வயது 15. அருவி போல் கொட்டுகின்றன சுரங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஒலியைப் பதியும் காந்த நாடா ஹாலிவுட்டுக்கு வந்திராத காலம் அது. ஒலியை ஒளியாக மாற்றித்தான் சேமித்தார்கள். மைக்கில் விழும் குரல் மின்னோட்டமாகி, இரண்டு மெல்லிய உலோக இழைகளை அசைக்கும். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய 0.025 மில்லிமீட்டர். அது விரிந்து சுருங்கும்போது, அதன் வழியே பாயும் ஒளி கூடிக் குறைந்து, ஓடும் படச்சுருளின் ஓரத்தில் கருமையும் வெளுப்புமாக வரிவரியாகப் பதியும்.

படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்), அதாவது சுமார் 457 மில்லிமீட்டர் ஓடுகிறது. டர்பின் தொடும் மேல் சுரம் ஒன்று நொடிக்கு 880 முறை அதிர்கிறது என்றால், ஓர் அதிர்வுக்குச் சுருளில் கிடைக்கும் இடம் அரை மில்லிமீட்டர்தான். குரலின் இனிமையைத் தீர்மானிக்கும் நுண்ணதிர்வுகள் அதற்குள்ளும் அடங்க வேண்டும்!

திரையரங்கில் இதே வேலை தலைகீழாக நடக்கும். விளக்கொளி அந்த வரிகளை ஊடுருவி ஒளிமின்கலத்தில் விழ, மின்னோட்டம் பிறந்து ஒலிபெருக்கிக்குப் போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. படம் தெரிய, ஒவ்வொரு சட்டமும் விளக்கின் முன் ஒரு கணம் நின்று நகர வேண்டும். ஒலிக்கோ சுருள் தடங்கலின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். அதனால் ஒலியைப் படிக்கும் இடத்தைத் தள்ளி வைத்து, ஒலித்தடத்தை உரிய படத்துக்கு 20 சட்டங்கள் முன்னதாகவே அச்சிட்டார்கள். உதடும் குரலும் திரையில் ஒன்றுகூடுவது இந்தக் கணக்கால்தான்.

பாட்டை முதலில் பதிந்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைக்கும் வழக்கம் ஹாலிவுட்டில் அதற்குள் வேரூன்றியிருந்தது. இந்தப் படத்தின் இசைக்குழுப் பதிவு நடந்ததோ நாட்டின் மறுகோடியில், பிலடெல்பியாவின் ‘அகாடமி ஆஃப் மியூசிக்’ அரங்கில். வாத்தியப் பிரிவுகளுக்குத் தனித்தனி மைக்குகள், தனித்தனி ஒலித்தடங்கள். ஒரே தடத்தில் பதிந்த இசையில் வயலின் குரலை அமுக்கினால் மீண்டும் வாசிக்க வைப்பதைத் தவிர வழியில்லை. தடங்கள் பிரிந்திருந்தால், பாடகி மூச்சை அடக்கி மெல்லப் பாடும் இடத்தில் வயலின்களை மட்டும் தணித்துக் கலக்கலாம். பின்னாளில் ஒலிப்பதிவுக் கூடங்கள் எல்லாம் பின்பற்றிய முறை இது.

படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒலிப்பதிவு பரிந்துரையோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால், அதற்கும் கொடுத்திருக்க வேண்டும்.